பழைய பாஸ்போர்ட் எங்க கண்ணு?

2024 ஜூன் மாசம் ஒரு நாள், நான் இருக்கற அமெரிக்கால ராத்திரி, எங்க ஊர்ல அது காலைல, சித்தப்பா கிட்டருந்து போன். அப்பா தோப்புல வாய்க்கால் மேட்டுல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போச்சு, வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி கோயமுத்தூருக்குக் கொண்டு போயிட்டிருக்கோம், நீ கிளம்பி வா. கொழிஞ்சாம்பாறைக்காரங்களுக்கு ஜில்லா பாலக்காடுன்னாலும் ஆஸ்பத்திரின்னா எப்பவும் கோயமுத்தூர்தான, அதுல ஆச்சரியம் இல்ல. வரேன் சித்தப்பா, விசா போட்டுட்டு வரேன்னு சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா, "விசா எதுக்கு? பழைய பாஸ்போர்ட் எங்க கண்ணு? அதுல இன்னும் நாலு வருசம் இருக்குன்னயே."

இருந்துச்சு. ஆனா நான் அமெரிக்கன் சிட்டிசன் ஆனதால அத மே மாசமே கான்சல் பண்ணி மூலைய வெட்டித் திருப்பி அனுப்பிட்டாங்க. சொன்னதும் சித்தப்பா "அவசரப்பட்டுட்டியே"ன்னார் பாருங்க, ஏதோ நான் நகைய அடமானத்துல விட்டுட்ட மாதிரி.

இத எழுதறதுக்குக் காரணமே அந்த ஒரு வார்த்தைதான். டல்லாஸ்ல எங்க அபார்ட்மென்ட்லயே ரெண்டு மூணு பேர் சிட்டிசன் ஆகியும் இந்தியன் பாஸ்போர்ட்ட அலமாரில பத்திரமா வச்சிருக்காங்க, "யாரு பாக்கப் போறா, டேட் இருக்கில்ல"ன்னு. டேட் இருக்கறதும் செல்லுபடி ஆகறதும் வேற வேற. 1955 குடியுரிமைச் சட்டம் 9ஆம் பிரிவு என்ன சொல்லுதுன்னா, நாமளா விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமை வாங்கினா அந்த நிமிஷமே இந்தியக் குடியுரிமை போயிடும், யாரும் லெட்டர் போட்டு அறிவிக்கணும்னு இல்ல. நான் 2024 ஜனவரில கைய தூக்கி உறுதிமொழி சொல்லி முடிச்சப்பவே போச்சு. அதுக்கப்புறம் அந்தப் பாஸ்போர்ட்ட வச்சு டிராவல் பண்ணா அபராதம் இருக்கு, தெரிஞ்சே பண்ணா அதுக்கு மேலயும் சிக்கல். அதோட அமெரிக்கால சிட்டிசன் ஆனவங்க அந்த நாட்ட விட்டுப் போறதும் திரும்ப வர்றதும் அமெரிக்கன் பாஸ்போர்ட்லதான் பண்ணணும்னு அவங்க சட்டம். அப்புறம் போறதுக்கு ஒண்ணு வர்றதுக்கு ஒண்ணுன்னு ரெண்டு வச்சு என்ன ஆட்டம் ஆடறது.

இன்னொண்ணு, யாரும் முன்னாடியே சொல்லாத விஷயம். உறுதிமொழி எடுக்கற அன்னிக்கே கிரீன் கார்ட வாங்கிக்குவாங்க. இந்தியன் பாஸ்போர்ட் செத்துப்போச்சு, அமெரிக்கன் பாஸ்போர்ட் இன்னும் வரல, கைல இருக்கறது ஒரு சர்டிபிகேட் மட்டும், அதையும் பாஸ்போர்ட் அப்ளிகேஷன் கூட ஒரிஜினலாவே அனுப்பணும். அந்தச் சில வாரம் வெளிநாடு கிளம்பறது ரொம்பக் கஷ்டம். அப்பா ஜூன்ல விழுந்தாரு, பிப்ரவரில விழுந்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு இன்னிக்கு நெனச்சாலும் வயித்தக் கலக்குது. வீட்ல வயசானவங்க இருந்தா உறுதிமொழி தேதி வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவ ஊருக்குப் போய்ட்டு வந்துருங்க.

சரி, என் பேரு கதைக்கு வரேன், எனக்கு நேரம் போனது பூரா அதுலதான்.

நம்ம பக்கம் பேருக்கு முன்னாடி அப்பா பேரோட முதலெழுத்து, அவ்ளோதான், குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாது. எனக்குப் பாஸ்போர்ட் எடுத்தப்ப சர்நேம் கட்டத்த காலியா விட்டுட்டாங்க. அமெரிக்கா விசால அவங்க என்ன பண்ணுவாங்கன்னா, இருக்கற பேரத் தூக்கி சர்நேம்ல போட்டுட்டு, முதல் பேர் தெரியலங்கறதுக்கு எஃப்என்யுன்னு மூணெழுத்த முன்னாடி ஒட்டிருவாங்க. கிரீன் கார்டு, பேங்க், லைசென்ஸ் எல்லாத்துலயும் அதுதான். பல் டாக்டர் கிளினிக்ல ஒரு பொண்ணு "ஃப்னூ, ஃப்னூ"ன்னு கூப்பிட, நான் யாரையோன்னு உக்காந்திருந்தேன். பதிமூணு வருசம் ஃப்னூவா வாழ்ந்தாச்சு, சிட்டிசன் ஆகறப்பயாவது மாத்துவோம்னு அந்த அப்ளிகேஷன்லயே பேர் மாத்தக் கேட்டேன். அதுக்கு ஜட்ஜ் முன்னாடி உறுதிமொழி எடுக்கற கோர்ட் விழாவா இருக்கணும், கொஞ்சம் காத்திருக்கணும், காத்திருந்து என் பேரு, பின்னாடி அப்பா பேருன்னு அழகா வாங்கிட்டேன்.

சந்தோஷம் ரெண்டு மாசந்தான். இந்தியன் பாஸ்போர்ட்ட சரண்டர் பண்ண அனுப்பினா பாக்கெட் அப்படியே திரும்பி வந்துச்சு. ஒரு பேர்ல இருக்கற பாஸ்போர்ட்ட வேற பேர்ல இருக்கற ஆள் எப்படி சரண்டர் பண்ணுவான்னு கேள்வி, நியாயமான கேள்விதான், ஆனா சர்டிபிகேட்லயே எல்லாம் இருக்குமேன்னு நான் நெனச்சுட்டேன். பேர் மாத்தின கோர்ட் ஆர்டர் தனியா வேணும். அது போதாதுன்னு என் பிறப்புச் சான்றிதழ்ல ஊர் பேர் ஒரு ஸ்பெல்லிங், பாஸ்போர்ட்ல ஒரு ஸ்பெல்லிங், கொழிஞ்சாம்பாறைல வர்ற அந்த ழகரத்த இங்கிலீஷ்ல எழுதறதுக்குன்னு உலகத்துல எத்தன வழி இருக்கோ அத்தனையும் என் பேப்பர்ல இருக்கு. அப்பா பேரும் அதே கதிதான், பஞ்சாயத்து ரெக்கார்ட்ல மலையாளத்துல எழுதினது, தமிழ் மீடியம் ஸ்கூல் ரெக்கார்ட்ல தமிழ்ல எழுதினது, ரெண்டையும் வேற வேற ஆளுங்க இங்கிலீஷுக்கு மாத்தினது. எல்லைல பொறந்தவங்க இத மொதல்லயே அக்ஷயா சென்டர்ல, அதான் கேரளாவோட இ-சேவை மையம், அங்க உக்காந்து சரி பண்ணி வச்சுக்கங்க, வெளிநாட்டுல உக்காந்துட்டு தம்பிய பஞ்சாயத்து ஆபீசுக்கு நடக்க விடாதீங்க. என் தம்பி இன்னும் சொல்லிக்காட்டறான்.

இதெல்லாம் முடிஞ்சு மே மாசம் சரண்டர் சர்டிபிகேட் வந்துச்சு. ஓசிஐ, அதாவது வேற நாட்டுச் சிட்டிசன் ஆன நம்ம ஆளுங்களுக்குக் குடுக்கற 'ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா' கார்டு, அதுக்கு அப்ளை பண்ண உக்காரும்போது சித்தப்பா போன். ஓசிஐ வர்றதுக்கெல்லாம் நேரம் ஏது, அதனால ஈ-விசா. 30 நாளுக்கும் உண்டு, ஒரு வருசம், அஞ்சு வருசத்துக்கும் உண்டு, பிரயாணத்துக்கு கொறஞ்சது 4 நாள் முன்னாடி அப்ளை பண்ணச் சொல்றாங்க. கூகுள்ல தேடினா மேல வர்றதுல பாதி டூப்ளிகேட் சைட்டுங்க, அரசாங்க சைட் மாதிரியே இருக்கும், மூணு மடங்கு காசு வாங்கும். சைட் அட்ரஸ் gov.in-ல முடியுதான்னு பாத்துட்டு உள்ள போங்க. அந்த ஃபார்ம்ல குடியுரிமை பொறப்புலயா அப்புறம் வாங்கினதான்னு கேக்கும், முன்னாடி எந்த நாடுன்னு கேக்கும், அப்பா அம்மா எங்க பொறந்தாங்கன்னு கேக்கும், தாத்தா பாட்டி பாகிஸ்தான் ஆளுங்களான்னும் கேக்கும். எங்க அம்முச்சி பொள்ளாச்சி சந்தைய தாண்டினது இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு அழுதுட்டே ஃபார்ம் நிரப்பினவ அந்தக் கேள்வில சிரிச்சுட்டேன்.

மூணாம் நாள் மெயில் வந்துச்சு, பிரிண்ட் எடுத்துட்டு டோஹா வழியா கொச்சி. ஈ-விசால எல்லா ஏர்போர்ட்லயும் இறங்க முடியாது, லிஸ்ட் இருக்கு, கொச்சியும் கோயமுத்தூரும் அதுல உண்டு. நெடும்பாசேரில இருக்கற கொச்சி ஏர்போர்ட்ல வெளிநாட்டுக்காரங்க வரிசைல நின்னேன். முன்னாடி ஒரு வெள்ளைக்கார தாத்தா, பின்னாடி நான். கவுன்டர்ல இருந்தவர் பாஸ்போர்ட்டப் பாத்தார், மூஞ்சியப் பாத்தார், "பாலக்காடோ?"ன்னு மலையாளத்துல கேட்டுட்டு கைரேகை எடுத்தார். நானும் மலையாளத்துலயே பதில் சொன்னேன். என்ன காரியமா வந்தீங்கன்னு கேட்டப்ப மட்டும் தொண்ட அடச்சுது.

அப்பா தேறிட்டார், அது முருகன் புண்ணியம். ஆனா ஆஸ்பத்திரி கட்டில்ல படுத்துட்டே ஒரு யோசன, தெக்க இருக்கற ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்ப உன் பேருக்கு இப்பவே எழுதிடறேன்னார். ஆதாரம் எழுதறவர, அதான் பத்திரம் எழுதறவர, வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டார் சித்தப்பா. அவர்தான் கேட்டார், "மோள் இப்ப இந்தியன் சிட்டிசனா?" இல்லன்னதும் பேனாவ மூடி வச்சுட்டார்.

இது நெறைய பேருக்குத் தெரியாது. ஓசிஐ இருந்தாலுமே விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது, உயிரோட இருக்கறவங்க தானமா எழுதிக் குடுத்தாலும் அதே தடைதான். வீடு, பிளாட், கடை வாங்கலாம். விவசாய நிலம் வாரிசா வந்தா வச்சுக்கலாம், அப்புறம் விக்கறதுன்னா இங்கயே வசிக்கற இந்தியக் குடிமகனுக்குத்தான் விக்கணும். ஆக உயிரோட இருக்கும்போதே எழுதிக் குடுக்கற தனநிச்சயம் எழுத முடியாது, ஒஸ்யத்து, அதான் உயில், எழுதலாம். இத அப்பா கிட்ட எப்படிச் சொல்றது? நீங்க இருக்கற வரைக்கும் எனக்கு வேண்டாம்பான்னு மட்டும் சொன்னேன். அவருக்குப் புரிஞ்சுது, ஆதாரம் எழுதறவருக்கு டீ குடுத்து அனுப்பிட்டாங்க.

திரும்பிப் போய் ஓசிஐ அப்ளை பண்ணேன். கட்டணம் 275 டாலர், மேல சர்வீஸ் சார்ஜ் தனி. சரண்டர் சர்டிபிகேட், கான்சல் ஆன பாஸ்போர்ட் காப்பி, சிட்டிசன் சர்டிபிகேட், பேர் மாத்தின ஆர்டர், இந்தத் தடவ எல்லாத்தையும் மொத்தமா வச்சேன், ஒரு கேள்வி வரல. பாஸ்போர்ட் மாதிரியே ஒரு குட்டிப் புத்தகம் வரும். அப்பா வீடியோ கால்ல பாத்துட்டு "அப்ப ரெண்டும் இருக்கு"ன்னு சந்தோஷப்பட்டார். பேர்லதான் குடிமகன்னு இருக்கு, உள்ளதச் சொன்னா அது வாழ்நாள் விசா. எத்தன தடவ வேணா வரலாம், எவ்ளோ நாள் வேணா இருக்கலாம், போலீஸ்ல போய்ப் பதிய வேண்டாம். ஓட்டு கிடையாது, அரசாங்க வேலை கிடையாது, பத்திரிகை வேலை, ஆராய்ச்சி, மலையேற்றம்னு போனா தனியா அனுமதி வாங்கணும். 2005ல சட்டத் திருத்தம் வந்தப்ப இரட்டைக் குடியுரிமைன்னு எல்லாரும் பேசிப் பேசி அந்த நெனப்பு இன்னும் போகல.

2025 நவம்பர்ல கல்பாத்தித் தேருக்கு மகளையும் கூட்டிட்டு வந்தேன். அவ அமெரிக்கால பொறந்தவ, கைக்குழந்தையா இருக்கும்போதே எடுத்த ஓசிஐ, அதுல இருக்கறது பழைய பாஸ்போர்ட் நம்பர். டல்லாஸ் செக்-இன் கவுன்டர்ல நம்பர் ஒத்துவரலன்னு நிறுத்திட்டாங்க, பழைய பாஸ்போர்ட் எங்கன்னு கேட்டாங்க. மறுபடியும் அதே கேள்வி! பழசக் கையில கொண்டு வரணும்ங்கற விதிய 2021லயே எடுத்துட்டாங்க. 20 வயசு வரைக்கும் ஒவ்வொரு புதுப் பாஸ்போர்ட்டுக்கும், அப்புறம் 50 தாண்டினா ஒரு தடவையும், ஆன்லைன்ல காப்பியும் போட்டோவும் ஏத்தினா போதும், காசு இல்ல, மூணு மாசத்துக்குள்ள பண்ணணும். சின்ன வயசுல எடுத்த கார்ட 20 தாண்டி வர்ற பாஸ்போர்ட்டுக்கு ஒரே ஒரு தடவ புதுசா வாங்கணும். நான் ஏத்தியிருந்தேன், அந்த ரசீதையும் விதியையும் பிரிண்ட் எடுத்து வச்சிருந்தேன், அந்தப் பொண்ணு சூப்பர்வைசரக் கூப்பிட்டுக் காட்டி இருவது நிமிஷத்துல விட்டாங்க. பிரிண்ட் இல்லாம போகாதீங்க, கவுன்டர்ல இருக்கறவங்களுக்கு நம்ம ஊர் விதி தெரிஞ்சிருக்கணும்னு அவசியம் இல்ல.

ஊருக்கு வந்த வாரந்தான் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கு வீடு வீடா ஃபார்ம் குடுத்துட்டிருந்தாங்க. எங்க வீட்டுக்கு வந்த டீச்சர் நாலு பேருக்கும் பேர் அச்சடிச்ச ஃபார்ம எடுத்து வச்சாங்க, அப்பா, அம்மா, தம்பி, நான். "நீங்க ஊர்லதான் இருக்கீங்களா, அப்ப நல்லதாப் போச்சு, கையெழுத்துப் போட்டுக் குடுங்க"ன்னாங்க. நான் இப்ப இந்தியக் குடிமகள் இல்ல டீச்சர், பேர எடுத்துடுங்கன்னேன். முன்னாடியே எழுதிக் குடுத்து எடுத்திருக்கணும், நான் பண்ணல, அது என் தப்பு. டீச்சர் அதுல என்னவோ எழுதி மடிச்சு பைக்குள்ள வைக்கப் போனாங்க.

அம்மா கைய நீட்டி நிறுத்தினாங்க. ஃபார்ம்ல இருந்த போட்டோ நான் பாலக்காட்டுச் சித்தூர் காலேஜ்ல படிச்சப்ப எடுத்தது, ரெட்ட ஜடை, அந்தப் போட்டோ வீட்ல எங்கயும் இல்ல. "ஒரு நிமிஷம் டீச்சர்"ன்னு சொல்லிட்டு போன எடுத்து அந்த மூலைய மட்டும் ஒரு படம் புடிச்சுக்கிட்டாங்க.