குளிரில் மட்டும் வந்த பழுது

புதுச்சேரியில் பாதுகாப்புத் துறைக்கான மின்னணுக் கருவிகளும் தயாராகின்றன என்றால் உள்ளூர்க்காரர்களே நம்பத் தயங்குவார்கள். சேதராப்பட்டுப் பக்கம், பெரிய நிறுவனங்களுக்குத் துணை ஒப்பந்த அடிப்படையில் பவர் சப்ளை யூனிட்டுகள் (பிற கருவிகளுக்கு மின்சாரம் தரும் பெட்டிகள்) செய்து கொடுக்கும் ஒரு சிறிய தொழிற்சாலையில் நான் சோதனைப் பொறியாளராகச் சேர்ந்து, பிறகு உதவிக் குழுத் தலைவரானேன். அந்த யூனிட் எந்த வாகனத்தில் பொருத்தப்படுகிறது என்பதை இங்கே எழுத முடியாது. சோதனைக் கூடத்துக்குள் கைபேசிக்கே அனுமதி இல்லை. ஒரு தொகுதி, அதாவது ஒன்றாகத் தயாராகும் யூனிட்டுகள், எப்படிச் சோதிக்கப்பட்டு ஏற்கப்படுகிறது என்பதைச் சொல்லத் தடையேதும் இல்லை.

மின்னழுத்தத்தை அளந்து எழுதுவதுதான் இந்த வேலை என்று படித்து முடித்து வருபவர்கள் எண்ணுகிறார்கள். உண்மையில் எங்கள் நாள் ஏ.டி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஏற்புச் சோதனை ஆவணத்தைச் சுற்றியே நகர்கிறது. 28 வோல்ட் டி.சி. உள்ளீட்டை எந்த வரம்புவரை ஏற்றி இறக்க வேண்டும், எவ்வளவு லோடில் (மின்சுமையில்) ரிப்பிள், அதாவது வெளியீட்டு மின்னழுத்தத்தின் சிறு ஏற்ற இறக்கம், எத்தனை மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது, எந்தக் கருவியால் அளக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். அளந்த மதிப்போடு கருவியின் எண்ணையும் அதன் கேலிப்ரேஷன் (துல்லியச் சரிபார்ப்பு) காலாவதியாகும் தேதியையும் எழுத வேண்டும். வாடிக்கையாளர் தரப்பு ஆய்வாளர் உள்ளே வந்தவுடன் யூனிட்டைப் பார்ப்பதில்லை, மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் ஒட்டியிருக்கும் அந்தத் தேதி ஸ்டிக்கரைத்தான் பார்க்கிறார். தேதி கடந்திருந்தால் அன்று எடுத்த அளவுகள் எவையும் செல்லாது.

கடலோர ஊர் என்பதால் எங்களுக்குத் தனிச் சிக்கல்களும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் 500 வோல்ட் மெக்கர் என்ற கருவியை வைத்து இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் (மின்காப்பின் தடை) எடுத்தால், காலையில் ஒரு மதிப்பும், யூனிட்டை மின்சூளையில் உலர்த்திய பின் அதைவிடப் பல மடங்கு உயர்ந்த மதிப்பும் வரும். அதனால் கூடத்தின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் குறிக்காமல் அந்த எண்ணை எழுதுவதில் பொருளில்லை. பாகங்களைக் கெடுக்கக்கூடிய நிலைமின்சாரம் இதற்கு நேர் எதிரானது, உலர்ந்த காற்றில்தான் சேரும். வெளியே காற்றில் இவ்வளவு ஈரம் இருக்கும்போது அது எங்கிருந்து வரும் என்று புதியவர்கள் கேட்பார்கள், ஆனால் ஏ.சி. அறை காற்றை உலர்த்திவிடுவதால் ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் வைத்த மணிக்கட்டுப் பட்டை இல்லாமல் யாரும் மின்சுற்றுப் பலகையைத் தொட அனுமதிப்பதில்லை. மின்காந்த இடையூறுச் சோதனைக்கான வசதி எங்களிடம் இல்லாததால் அதற்கு மட்டும் யூனிட்டைச் சென்னைக்குக் கொண்டுபோவோம்.

உதவிக் குழுத் தலைவர் என்ற பொறுப்பின் எடை கையொப்பத்தில் இருக்கிறது. சோதித்தவர் ஒரு கையொப்பம் இடுவார். ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற இடத்தில் அடுத்த கையொப்பம் என்னுடையது. அதன் பொருள் எனக்குப் புரிந்தது முதல் தொகுதி அனுப்ப வேண்டிய மார்ச் மாதத்தில்தான். நிதியாண்டு முடிவதற்குள் சரக்கு வெளியேற வேண்டும் என்ற நெருக்கடி இந்தத் துறையில் எல்லோருக்கும் பழகியது.

ஒவ்வொரு யூனிட்டும் இ.எஸ்.எஸ். (சூழல் அழுத்தச் சோதனை) என்னும் கட்டத்தைத் தாண்ட வேண்டும்: 20 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரையிலான ரேண்டம் வைப்ரேஷன் (ஒழுங்கற்ற அதிர்வு), அதன்பின் சேம்பர் எனும் வெப்பநிலைப் பெட்டியில் குளிரும் சூடும் மாறி மாறி வரும் சுற்றுகள். தயாரிப்பில் மறைந்திருக்கும் குறையை வாகனத்தில் ஏறுவதற்கு முன்பே வெளிக்கொணர்வதுதான் இதன் நோக்கம். ஒரு யூனிட்டில் மைனஸ் 20 டிகிரியில் ஒரு அவுட்புட் மட்டும் கணநேரம் அறுந்து மீண்டது. அறை வெப்பநிலைக்குத் திரும்பியதும் ஏ.டி.பி.யின் எல்லாப் படிகளிலும் அது தேறிவிட்டது. “தம்பி, இப்ப எல்லாம் லிமிட்டுக்குள்ளதான் இருக்கு, பாஸ்னு போட்டுடவா?” என்று டெக்னீஷியன் அக்கா கேட்டார், உற்பத்திப் பிரிவும் அதையே எதிர்பார்த்தது. காரணம் தெரியாமல் மறைந்த பழுது இன்னும் யூனிட்டுக்குள்தான் இருக்கிறது என்பதால் நான் கையொப்பமிட மறுத்தேன்.

இத்தகைய பழுதில் முதலில் ஐயப்பட வேண்டியது நம்முடைய சோதனை அமைப்பையே. சேம்பருக்குள் செல்லும் ஹார்னஸை (கம்பிக் கட்டை) மாற்றினோம், லோடை மாற்றினோம், தேறிய வேறொரு யூனிட்டை அதே இடத்தில் வைத்தோம். பழுது அந்த யூனிட்டை விட்டு நகரவில்லை. பிறகு மூடியைத் திறந்து, குளிரூட்டும் ஸ்ப்ரேயை ஒவ்வொரு பகுதியாக அடித்துப் பார்த்தபோது, மின்சுற்றுப் பலகைகளில் அடித்தும் எதுவும் மாறவில்லை. அவுட்புட் கனெக்டரின் (கம்பிகளை இணைக்கும் சொருகியின்) பின்புறத்தில் அடித்ததும் ஸ்கோப்பில் அலை அறுந்தது.

கனெக்டருக்குள் இருக்கும் சிறு உலோக முள்ளான பின்னில் கம்பியைச் செருகி அழுத்தி இறுக்குவதைக் கிரிம்பிங் என்கிறோம். பின்னின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை உண்டு. கம்பி இழைகள் அதன் வழியே தெரிந்தால்தான் கம்பி முழுதாக உள்ளே போயிருக்கிறது என்று பொருள். பழுதான பின்னைக் கழற்றிப் பார்த்தபோது அந்தத் துளை வெறுமையாக இருந்தது. உறையைப் போதிய நீளத்துக்கு உரிக்காததால் இழைகளின் நுனி மட்டுமே பிடிபட்டிருந்தது, குளிரில் எல்லாம் சுருங்கியபோது தொடர்பு விட்டுப்போனது. அந்தப் பின் கனெக்டருக்குள் ஏறிவிட்டால் துளை கண்ணுக்குத் தெரியாது என்பதால் இறுதிப் பரிசோதனையில் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் இதைப் பிடித்திருக்க முடியாது. வேலை செய்தவரைக் குறைசொல்லிப் பயனில்லை என்று கூட்டத்தில் நான் வாதிட்டதற்கு இதுவே காரணம்.

பழுதாய்வு அறிக்கையை ஆய்வாளரிடம் கொடுத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, மற்ற யூனிட்டுகளில் இதே குறை இல்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்பது. அந்தத் தொகுதி முழுவதிலும் பின்களைக் கழற்றித் துளைகளைப் பார்த்தோம், மாதிரிகளை இழுவிசைச் சோதனைக்கும் உட்படுத்தினோம். பழுதான யூனிட்டுக்குப் புதிய பின் பொருத்தி, வெப்பச் சுற்றுகளைத் தொடக்கத்திலிருந்து ஓட்டினோம். சரக்கு மார்ச்சில் போகவில்லை. ஏப்ரலில் ஆய்வாளர் கையொப்பமிட்டார். தரத் திட்ட ஆவணத்தில், பின்னைக் கனெக்டருக்குள் ஏற்றுவதற்கு முன் உருப்பெருக்கியில் துளையைப் பார்த்துக் குறிக்க வேண்டும் என்ற புதிய படி, திருத்த எண்ணுடன் சேர்க்கப்பட்டது.