சாலுரான் ஒன்று

தேர்தல் வேலைக்கு நான் பெயர் கொடுத்தது அலவன்ஸுக்காகத்தான். 1999 நவம்பர், பள்ளி விடுமுறை. "சும்மாதானே இருக்கீங்க சார், ஒரு நாள் வேலை, காசு வரும்" என்றார் சக ஆசிரியர். சரி என்றேன். அந்த ஒரு நாள் வேலை 2022 வரைக்கும் என்னை விடவில்லை.

எனக்குக் கிடைத்ததெல்லாம் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் இருக்கும் ஜெலுத்தோங் நாடாளுமன்றத் தொகுதிதான். நான் குடியிருப்பதும் அங்கேதான். ஆனால் பணியில் இருப்பவர்கள் தபாலில் ஓட்டுப் போட்டுவிட வேண்டும் என்பதால், சொந்தத் தொகுதியில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தும் ஒரு தடவைகூட வரிசையில் நிற்கவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஒரு வாக்குச்சாவடிக்குள் தனித்தனி அறையாக இருக்கும் வரிசைகளைத்தான் சாலுரான் என்போம். வாக்காளர்களைச் சாலுரான் சாலுரானாகப் பிரிப்பது வயதை வைத்துத்தான். முதல் சாலுரானில் தாத்தா பாட்டிகள், கடைசியில் இளசுகள். பள்ளித் தாழ்வாரத்தில் முதல் வகுப்பறையிலிருந்து கடைசி வகுப்பறை வரை நடந்தால், தொகுதியின் வயதையே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துவிடலாம். எனக்கு முதன்முதலில் வந்தது சாலுரான் ஒன்று.

அப்போது அந்த வகுப்பறைக்கு வந்தவர்களுக்குத் தொகுதி என்றாலே கர்ப்பால் சிங்தான். 1978இல் எதிர்க்கட்சியான ஜசெகவின் (ஜனநாயக செயல் கட்சி) ராக்கெட் சின்னத்தில் ஜெயித்தவர், 21 வருடங்கள் விடவில்லை. 'ஜெலுத்தோங் புலி' என்ற பெயர் வந்ததும் அந்த வருடங்களில்தான். 1987 அக்டோபரில் 'ஓப்பராசி லாலாங்' என்ற பெரிய கைது நடவடிக்கையில், விசாரணை இல்லாமலே அடைத்துவைக்கும் ஐஎஸ்ஏ சட்டத்தில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மறு வருடம் மார்ச்சில் ஈப்போ உயர்நீதிமன்றம் விடுவித்தது, சில மணி நேரத்திலேயே மறுபடியும் பிடித்தார்கள். 1989 ஜனவரியில்தான் வெளியே வந்தார். அதுவரை எங்கள் எம்.பி. கமுந்திங் தடுப்பு முகாமில் இருந்தார்! கோப்பிக் கடையில் இதைச் சத்தமாகப் பேசக்கூடப் பயந்த காலம்.

காலை பத்து மணி இருக்கும். பேரனின் கையைப் பிடித்து வந்த ஒரு பாட்டி, பேரனை வாசலில் நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே வந்தார். சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "ராக்கெட்டு எதுப்பா தம்பி?" என்றார். கட்சி ஏஜென்டுகள் நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் சிரிக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது, சீட்டின் பக்கமே கண் போகக் கூடாது. "படம் போட்டிருக்கும் பாட்டி, நீங்களே பாருங்க" என்றேன். அதைச் சொன்னதுகூடச் சரியா என்று சாயங்காலம் வரை உறுத்திக்கொண்டிருந்தது.

அன்று இரவு கர்ப்பால் தோற்றார். ஆளும் பாரிசான் கூட்டணியில் இருந்த கெராக்கான் கட்சியின் லீ கா சூனிடம், 775 ஓட்டில். துணைப் பிரதமர் அன்வார் பதவி நீக்கப்பட்ட மறு வருடம் வந்த தேர்தல் அது. எதிர்க்கட்சிக் கூட்டணியில் ஜசெகவும் இஸ்லாமியக் கட்சியான பாஸும் ஒன்றாக நின்றது சீன வாக்காளர்களுக்குப் பிடிக்கவில்லை என்று பிறகு எல்லோரும் விளக்கினார்கள். அந்த விளக்கத்தில் தப்பில்லைதான். ஆனாலும் எனக்கு அந்த எண்தான் மனதில் நின்றது. இரண்டு சாலுரானில் எண்ணும் சீட்டுகளைச் சேர்த்துக் கட்டினாலே அவ்வளவு வந்துவிடும். நாங்கள் எண்ணியது ஒரு வகுப்பறைக்கு உரியதை மட்டும். மொத்தக் கணக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

2004 பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாடு முழுக்க பாரிசானின் தராசுச் சின்னத்துக்கு அலை. லீ கா சூன் மறுபடியும் ஜெயித்தார், கர்ப்பால் பக்கத்துத் தொகுதியான புக்கிட் குளுகோருக்குப் போய் ஜெயித்தார்.

2008 மார்ச் 8 வேறு மாதிரி. அப்போது நான் கேத்துவா, அதாவது சாலுரானுக்குப் பொறுப்பாளன். நாடாளுமன்றச் சீட்டுகளை எண்ணினால் ஒன்று குறைகிறது. திரும்ப எண்ணினோம், அதே எண். ஏஜென்டுகளின் கைப்பேசிகளில் செய்தி மேல் செய்தி வந்து விழுகிறது: கெராக்கான் அங்கே போச்சு, இங்கே போச்சு. இரண்டு தரப்புக்கும் பொறுமை இல்லை. எனக்கு வியர்வை கண்ணில் இறங்குகிறது. நாற்பது நிமிடம் கழித்துச் சட்டமன்றப் பெட்டியின் சீட்டுகளுக்கு நடுவே நான்காக மடித்துக் கிடந்தது அது. யாரோ பெட்டி மாற்றிப் போட்டிருக்கிறார். எண்ணிக்கை முடிவை எழுதும் பாரம் 14இல் கையெழுத்துப் போடும்போது என் பெயர் எனக்கே படிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கியது.

வெளியே வந்தால் மாநில அரசே மாறியிருந்தது. 40 சட்டமன்ற இடங்களில் 29 எதிர்க்கட்சிகளுக்கு, கெராக்கானுக்கு ஒன்றுகூட இல்லை. ஜெலுத்தோங்கில் ஜெயித்தது ஜசெகவின் ஜெஃப் ஊய். வலைப்பதிவு எழுதிப் பெயர் வாங்கியவர் எம்.பி. ஆகிறார் என்பது அன்றைக்குப் புதுசு. கர்ப்பாலைத் தோற்கடித்த லீ கா சூன் பின்னர் ஜசெக தலைமையிலான மாநில அரசின் முதலீட்டு அமைப்பான இன்வெஸ்ட் பினாங்கில் பொறுப்பு ஏற்றார். இதைப் பார்த்த பிறகு யார் யாரோடு என்று நான் அடித்துப் பேசுவதில்லை.

2013இல் விரலில் மை வந்தது. வாக்காளர்களின் விரலில் அழிகிறது என்று புகார், மை தொட்டுவைத்த எங்கள் கிராணியின் (எழுத்தர்) சட்டையிலோ கடைசி வரை போகவே இல்லை. 2018இல் ஜெயித்தது ஜசெகவின் ஆர்.எஸ்.என். ராயர். சீனர்கள் அதிகம் உள்ள தொகுதி, முன்பு கர்ப்பால் என்ற சீக்கியரை அத்தனை வருடம் வைத்திருந்தது, இப்போது ஒரு தமிழரை அனுப்பியது. வெளியூர் நண்பர்கள் இதை ஆச்சரியமாகக் கேட்பார்கள். எண்ணும் மேசையில் உட்கார்ந்தவனுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. முக்கால்வாசிப் பேர் சின்னத்தைத் தேடித்தான் போடுகிறார்கள்.

2022இல் கடைசி சாலுரான் தந்தார்கள். பதினெட்டு வயதிலேயே தானாகப் பதிவாகிவிடும் என்ற சட்டத்துக்குப் பிறகு பினாங்கில் வந்த முதல் தேர்தல். என் பழைய மாணவன் ஒருவன் முதல் ஓட்டுப் போட வந்திருந்தான். ஓய்வு நேரத்தில் கேண்டீன் பக்கம் மாட்டினான். "கர்ப்பால் சிங் தெரியுமாடா?" என்றேன். "தெரியும் சார், கடலோரத்துல சாப்பாட்டுக் கடைங்க இருக்குமே, அந்த ரோடுதானே?" என்றான். அவர் விபத்தில் இறந்த 2014இல் அவனுக்குப் பத்து வயது. கோபப்பட எனக்கு என்ன உரிமை? வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்தது கணிதம்.

2023 ஆகஸ்டில் சட்டமன்றத்துக்கு மட்டும் தனியாகத் தேர்தல் வந்தது. அந்த வருடம் பணி ஓய்வு பெற்றுவிட்டேன், பெயர் கொடுக்கவில்லை. எந்த சாலுரான் என்று கைப்பேசியில் தட்டிப் பார்த்தேன்: ஒன்று. திரும்பத் தட்டினேன், ஒன்றேதான். தடியூன்றியவர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவில் போய் நின்றேன். மேசையில் இருந்த சின்னப் பெண் என் அடையாள அட்டையை வாங்கி, ஏஜென்டுகளுக்குக் கேட்கும்படி என் பெயரைச் சத்தமாகத் தப்பாக வாசித்தார். வரிசை எண் சரியாக இருந்தது. நான் திருத்தவில்லை.