புறநானூறு 112: குரல் ஒன்று, நெஞ்சில் விழுவது வேறு

ஒரு பாட்டின் தொனி என்ன என்று தேர்வில் கேட்டால், மாணவர்கள் ‘சோகம்’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். சோகம் பெரும்பாலும் வாசிப்பவருக்கு வந்தது. பாடியவர் குரலில் அது இருந்ததா என்பது தனிக் கேள்வி. தொனி சொல்பவரின் குரலில் இருக்கிறது. அந்தக் குரல் நம்மிடம் எழுப்புவது உணர்வுச்சூழல். (வடமொழி அணியியலில் ஆனந்தவர்த்தனர் பேசும் த்வனி குறிப்புப்பொருள், அது வேறு. இங்கே சொல்வது, “என்ன தொனியில் பேசினான்?” என்று வீட்டில் கேட்கிறோமே, அதை.)

இரண்டும் பிரிந்து நிற்பதைப் பார்க்க, பறம்புமலைத் தலைவன் பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடிய இந்தப் பாட்டைவிட நல்ல இடம் இல்லை.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

முதலில் உணர்ச்சிச் சொற்களைத் தேடுங்கள். கண்ணீர் இல்லை, ‘ஐயோ’ இல்லை. இருந்தது, இல்லை என்ற கணக்கு மட்டும். முதல் வரியையும் மூன்றாம் வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால், இரண்டு இடத்தில் அகரம் இகரமாகியிருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. நிலா அப்படியே இருக்கிறது. அடுத்து வரிசை. அன்று தந்தை முன்னே, குன்று பின்னே. இன்று குன்று முன்னே போய், தந்தை கடைசிக்கு வந்து ‘இலமே’யில் முடிகிறது.

இனி ‘வென்றெறி முரசின் வேந்தர்’, அதாவது வென்று முழக்கும் முரசையுடைய வேந்தர். சூழல் தெரியாவிட்டால் இது புகழ்ச்சி போலவே தோன்றும். பெரும்பாலோர் சறுக்குவதும் இங்கேதான். மூவேந்தரும் போரிட்டுப் பாரியை வெல்ல முடியாமல் வஞ்சித்துக் கொன்றார்கள் என்பது மரபு. ஆகவே இது இகழ்ச்சிக் குறிப்பு என்கிறது பழைய உரை. வெல்லாதவர்களுக்கு வெற்றி முரசு! ஐயம் இருந்தால் அந்த இடத்தில் ‘வஞ்சித்துக் கொன்ற வேந்தர்’ என்று மாற்றி வைத்துப் பாருங்கள். கோபம் வெளியே வந்துவிடும், குத்தல் போய்விடும். ஒரு சொல்லை மாற்றியதும் குரல் மாறினால், தொனி அந்தச் சொல்லில்தான் இருந்தது.

இகழ்ச்சியைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் முழுப் பாட்டையும் கிண்டல் என்று எழுதுவது அடுத்த தவறு. பாட்டின் துறை கையறுநிலை, அதாவது இறந்தவரை நினைத்துச் செயலற்று இரங்குவது. தொல்காப்பியம் அழுகைக்குச் சொல்லும் இளிவு (இழிவுபடுதல்), இழவு (இழப்பு), அசைவு (தளர்வு), வறுமை என்ற நான்கு நிலைக்களன்களில், அதாவது அழுகை பிறக்கும் காரணங்களில், இழவு இங்கே வெளிப்படை. இளிவும் உண்டென்று வாதிடலாம். மெய்ப்பாடு, அதாவது பாட்டில் வெளிப்படும் உணர்வு, அழுகை; குரல் அடங்கிய ஏளனம். விடைத்தாளில் இரண்டையும் தனித்தனி வாக்கியமாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பாட்டிலிருந்து ஒரு சொல்லைச் சான்றாகக் காட்டினால் போதும்.

வாய்விட்டும் படித்துப் பாருங்கள். ஒருமுறை அழுகுரலில், இன்னொருமுறை செய்தி சொல்வது போல. ‘வென்றெறி முரசின்’ வரும்போது அழுகுரல் ஒட்டாது.