வெள்ளைப் பாஷாணம் மருந்தான கணக்கு

சீன வைத்தியத்தையும் நவீன மருத்துவத்தையும் சேர்த்து ஆய்வு செய்தோம் என்று ஒரு கட்டுரை வந்தால், அந்தச் 'சேர்த்து' என்ற சொல்லிலேயே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். எதை எதோடு சேர்த்தார்கள்? எந்த அளவில்? சேர்க்காமல் விட்டவர்களுக்கு என்ன ஆனது? பல ஆய்வுகள் மூன்றாவது கேள்விக்கு முன்பே மூச்சு வாங்கிவிடும். மூன்றுக்கும் படிப்படியாகப் பதில் கிடைத்த ஒரு மருந்து உண்டு: நம் சித்த வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்லும் ஆர்செனிக் ட்ரையாக்சைடு.

நோய், ஏபிஎல் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு வகைத் தீவிர ரத்தப் புற்றுநோய். 15ஆம், 17ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் பிஎம்எல்-ராரா என்ற கலப்புப் புரதம் உருவாகிறது. அது ரத்த அணுக்களை முதிரவிடாமல் பாதியிலேயே நிறுத்திவிடும். ஆளைக் கொல்வது பெரும்பாலும் ரத்தக்கசிவு, அதுவும் முதல் சில நாட்களிலேயே. இது பிறகு முக்கியமாகும்.

1970களின் தொடக்கத்தில், வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் கிராமத்து வைத்தியர் ஒருவரின் கலவையைப் பார்க்கிறார்கள். அதில் மூன்று சரக்குகள்: வெள்ளைப் பாஷாணம், பூரம் என்ற பாதரச உப்பு, தேரை நஞ்சு. ஹான் தாய்யுன் என்ற மருந்தாளர் 1971இல் அதை ஊசி மருந்தாக மாற்றினார். ஜாங் திங்தொங் என்ற மருத்துவர் ரத்தப் புற்றுநோய்க்காரர்களிடம் அதை முயன்றார். அடுத்து அவர்கள் செய்த வேலைதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது: சரக்குகளைப் பிரித்துப் பார்த்தார்கள். தேரை நஞ்சு ரத்த அழுத்தத்தை ஏற்றியது. பூரம் சிறுநீரகத்தைப் படுத்தியது. வேலை செய்தது பாஷாணம்தான். முடிவில் நின்ற ஊசியில் ஆர்செனிக்கும், மிகச் சொற்ப அளவில் பாதரச குளோரைடும் மட்டுமே இருந்தன. 'மரபு மாறக் கூடாது' என்று மூன்றையும் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் சிறுநீரகப் பிரச்சினையோடு மருந்தும் போயிருக்கும்.

1992இல் ஹார்பின் குழு 32 ஏபிஎல் நோயாளிகளின் கணக்கை வெளியிட்டது. 21 பேருக்கு நோய் முழுவதுமாக அடங்கியது, அதாவது 65.6 சதவீதம். அன்றைக்குப் பெரிய எண்தான். ஆனால் அந்த ஆய்வில் ஊசியோடு, ஆளின் உடல்நிலையைப் பார்த்து ஆளுக்கொரு விதமாக மூலிகை மருந்தும் கொடுத்திருந்தார்கள். ஒப்பிட இன்னொரு குழுவும் இல்லை. நோய் அடங்கியது ஊசியாலா, கஷாயத்தாலா? இந்தக் கணக்கை வைத்துச் சொல்ல வழியில்லை.

பதில் 1997இல் ஷாங்காயிலிருந்து வந்தது. நோய் திரும்பி வந்த 15 பேரை எடுத்தார்கள். அவர்களில் 10 பேருக்கு ஆர்செனிக் ட்ரையாக்சைடு மட்டுமே நாளுக்கு 10 மி.கி. நரம்பு வழியாகக் கொடுத்தார்கள். 9 பேருக்கு நோய் அடங்கியது. ஆட்கள் குறைவு, ஆனாலும் கேள்வி சுத்தமாக இருந்ததால் பதிலும் சுத்தம். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் 12 பேரில் 11 பேர். அங்கு 2000 செப்டம்பரில் அரசு அனுமதியும் கிடைத்தது.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆர்செனிக்கைச் சீனாவின் தனிச்சொத்து என்று சொல்ல முடியாது. தாமஸ் ஃபவுலர் என்ற ஆங்கில மருத்துவர் 1786இலேயே ஒரு ஆர்செனிக் கரைசலைப் பரப்பினார். 19ஆம் நூற்றாண்டில் அதை ரத்தப் புற்றுநோய்க்கும் ஐரோப்பாவில் கொடுத்தார்கள். பிறகு கைவிட்டார்கள். ஹார்பினின் பங்கு, எந்த வகை ரத்தப் புற்றுநோயில் அது எடுபடுகிறது என்று கண்டதில் இருக்கிறது.

நம் பக்கத்துக்கும் இதில் ஓர் அத்தியாயம் உண்டு. வேலூர் சிஎம்சி மருத்துவமனை ஆர்செனிக் ஊசியைத் தானே தயாரித்து, புதிதாக ஏபிஎல் கண்டறியப்பட்ட 72 பேருக்கு அதை மட்டுமே முதன்மை மருந்தாகக் கொடுத்தது. 2006இல் வந்த கணக்குப்படி 62 பேருக்கு, அதாவது 86.1 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. விலை கூடிய மருந்துகளை வாங்க முடியாத நோயாளிகள் நிறைந்த நாட்டில் இது சாதாரணப் பதில் அல்ல.

ஏன் வேலை செய்கிறது என்பதும் இப்போது தெரியும். அந்தக் கலப்புப் புரதத்துக்கு இரண்டு முனைகள். வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த அட்ரா என்ற மாத்திரை ராரா முனையைப் பிடிக்கிறது. ஆர்செனிக் பிஎம்எல் முனையில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களில் நேரடியாக ஒட்டுகிறது. ஒட்டியதும் செல்லே அந்தப் புரதத்துக்குக் குப்பை முத்திரை குத்தி உடைத்துப் போட்டுவிடும். இரு பக்கமும் பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்று ஐரோப்பாவில் நடந்த பெரிய ஒப்பீடு 2013இல் வந்தது. 162 பேர்; ஒரு பக்கம் அட்ராவும் ஆர்செனிக்கும், மறுபக்கம் அட்ராவும் கீமோவும். இரண்டு ஆண்டுகள் தோல்வியோ மறுவருகையோ மரணமோ இல்லாமல் இருந்தவர்கள் முதல் பக்கம் 97 சதவீதம், மறுபக்கம் 86 சதவீதம்.

அந்த ஆய்வின் அளவுகளை அப்படியே தருகிறேன், ஏனென்றால் 'ஆர்செனிக் கொடுத்தார்கள்' என்ற ஒற்றை வரியில் எதுவும் புரியாது. ஆர்செனிக் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 0.15 மி.கி., நரம்பு வழியாக. அட்ரா ஒரு சதுர மீட்டர் உடல் பரப்புக்கு நாளுக்கு 45 மி.கி. நோய் அடங்கும் வரை, அதிகபட்சம் 60 நாள். முதல் நாளிலிருந்தே பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு கிலோவுக்கு 0.5 மி.கி. நோய் அடங்கிய பிறகு ஆர்செனிக் வாரம் 5 நாள், 4 வாரம் கொடுத்து 4 வாரம் ஓய்வு, இப்படி 4 சுற்று. கூட்டினால் 80 ஊசி. அட்ரா 2 வாரம் கொடுத்து 2 வாரம் ஓய்வு, 7 சுற்று.

எங்கே சறுக்கும்? முதலில் இதயம். ஆர்செனிக் இசிஜியில் கியூடி இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயக் கீழறைகள் மின்னேறி ஓய்வுக்குத் திரும்ப எடுக்கும் நேரத்தை, நீட்டும். 500 மில்லிசெகண்டைத் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டும். பொட்டாசியம் 4க்கு மேல், மக்னீசியம் 1.8க்கு மேல் இருக்கும்படி நாள்தோறும் பார்க்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், இந்த நோயாளிகளுக்கு வாந்தியும் தொற்றும் சகஜம். வாந்திக்கு ஆன்டன்செட்ரான், பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல், காய்ச்சலுக்கு லெவோஃப்ளாக்சசின் என்று கை தானாக எழுதிவிடும். மூன்றுமே கியூடியை நீட்டுபவை. இன்னொரு பொறி: துடிப்பு வேகத்துக்கு ஏற்பக் கியூடியைத் திருத்தச் சூத்திரங்கள் உண்டு; காய்ச்சலில் இதயம் வேகமாக அடிக்கும்போது பாசெட் சூத்திரம் கியூடியை இருப்பதைவிட நீளமாகக் காட்டும். அதை நம்பி மருந்தை நிறுத்தினால் நோயாளிக்குத்தான் நட்டம். ஃபிரிடெரிசியா சூத்திரத்தில் மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது முதிர்வு நோய்க்குறி. மருந்து பலித்து அணுக்கள் கூட்டமாக முதிரத் தொடங்கும்போது வரும் ஆபத்து இது. காய்ச்சல், மூச்சுத்திணறல், நுரையீரலைச் சுற்றி நீர், சில நாட்களில் 5 கிலோவுக்கு மேல் எடை கூடுவது. அதனால்தான் தினமும் காலையில் எடை பார்ப்பது வெறும் சடங்கில்லை. சந்தேகம் வந்த உடனே டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 10 மி.கி. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. எக்ஸ்ரே வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கல்லீரலையும் விட்டுவிடக் கூடாது: அந்த 2013 ஆய்வில் ஆர்செனிக் பக்கம் 63 சதவீதம் பேருக்குக் கல்லீரல் நொதிகள் கடுமையாக ஏறின, கீமோ பக்கம் 6 சதவீதம்தான். சில நாள் நிறுத்தி, இறங்கியதும் குறைந்த அளவில் தொடங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்னொரு பிழை, அவசரம். 14ஆம் நாளில் எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்து, இளம் அணுக்கள் இருக்கின்றன, மருந்து தோற்றது என்று முடிவு கட்டுவது. இந்த மருந்துகள் அணுக்களை முதிரச் செய்கின்றன. அது வாரக்கணக்கில் நடக்கும் வேலை. கலப்புப் புரதத்தின் மரபணுத் தடயத்தைத் தேடும் பிசிஆர் சோதனையும் முதல் கட்டச் சிகிச்சையின் முடிவில் பாசிட்டிவாக இருக்கலாம். அடுத்த சுற்றுகள் முடிந்த பிறகு வரும் முடிவுதான் பேசும்.

அந்த 80 ஊசிகளுக்கு வருவோம். அத்தனை முறை மருத்துவமனைக்கு வர முடியாதவர்களுக்கு என்ன வழி? இங்கேதான் சீன மரபு இரண்டாம் முறை உள்ளே வருகிறது, இந்த முறை கலவையாகவே. தாலியன் நகர ராணுவ மருத்துவமனையில் ஹுவாங் ஷிலின் உருவாக்கிய மாத்திரையில் நான்கு சரக்குகள்: மனோசிலை என்ற ஆர்செனிக் சல்பைடு தாது, அவுரியிலிருந்து எடுப்பது போன்ற நீலம், தான்ஷென் என்ற செவ்வேர், தாய்ஸிஷென் என்ற கிழங்கு. சீன மரபில் ஒரு மருந்துக் கலவையை அரசன், மந்திரி, துணை, தூதன் என்று பிரிப்பார்கள். இதில் அரசன் மனோசிலை. 2008இல் ஆய்வகத்தில் முதல் மூன்று சரக்குகளின் முக்கியப் பொருட்களைத் தனித்தனியாகவும் சேர்த்தும் பார்த்தார்கள். நீலத்திலும் செவ்வேரிலும் உள்ள பொருட்கள் செல்லின் மேலுள்ள ஒரு வாயிலைப் பெருக்கி, ஆர்செனிக் கூடுதலாக உள்ளே போக வழி செய்தன.

மனிதர்களிடம் நடந்த ஒப்பீடு 2013இல் வந்தது, 242 பேரிடம். இந்த மாத்திரை கிலோவுக்கு நாளுக்கு 60 மி.கி.; எதிர்ப்பக்கம் ஆர்செனிக் ஊசி; இரு பக்கமும் அட்ரா. இரண்டு ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 98.1 சதவீதம், 95.5 சதவீதம். 2018இல் கீமோவைப் பெருமளவு விலக்கி, ஆபத்து குறைந்த 109 பேரிடம் செய்த ஆய்விலும் 97க்கு 94. இந்த எண்களைப் பார்த்து மாத்திரை ஊசியைவிட மேல் என்று சொல்பவர்கள் உண்டு. தவறு. இவை 'குறைந்தது அல்ல' என்று காட்டவே வடிவமைத்த ஆய்வுகள். மாத்திரை ஊசிக்கு ஈடு. அதற்கு மேல் எதையும் அந்த எண்கள் தாங்காது.

அதோடு, முழுக் கலவையை ஊசியோடு ஒப்பிட்டார்களே தவிர, கலவையைத் தனி மனோசிலையோடு ஒப்பிடவில்லை. பெய்ஜிங்கில் லூ தாவ்பெய் குழு 2002இல் தனி ஆர்செனிக் சல்பைடை மட்டுமே வாய்வழி கொடுத்தும் நல்ல பலன் கண்டிருந்தது. எனவே நீலமும் செவ்வேரும் ஆய்வகத் தட்டில் காட்டிய வேலையை நோயாளியின் உடலிலும் காட்டுகின்றனவா என்ற கேள்விக்கு இந்த இரண்டு ஆய்வுகளும் விடை தராது.

இந்த ஆய்வுகளில் ஒப்பிடுவதற்கான போலி மருந்து (பிளாசிபோ) இல்லையே என்று சிலர் குறை சொல்வார்கள். மரணம், நோயின் மறுவருகை, பிசிஆர் ஆகியவை நோயாளியின் நம்பிக்கையைப் பார்த்து மாறுவதில்லை. இங்கே அது பெரிய குறையில்லை. 2011இல் பன்றிக் காய்ச்சலுக்கு நடந்த சீன ஆய்வில் அது குறைதான். 410 பேர், 12 மூலிகைக் கஷாயம் 200 மி.லி. நாளுக்கு நான்கு முறை. காய்ச்சல் இறங்கிய இடைநிலை நேரம்: எதுவும் தராதவர்களுக்கு 26 மணி, ஓசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துக்கு 20, கஷாயத்துக்கு 16, இரண்டும் சேர்ந்தால் 15. யார் என்ன குடிக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். கஷாயத்துக்கு அதே நிறம், கசப்பு, வாடையில் போலி செய்வது மிகக் கடினம். மாத்திரைக் கூட்டில் அடைத்தால் எளிது. அட்டை, தேள், பூரான் எல்லாம் சேர்ந்த தொங்ஷின்லுவோ என்ற மாரடைப்பு மருந்தை 124 மருத்துவமனைகளில் 3,777 பேரிடம் போலிக் கூட்டோடு ஒப்பிட்டு 2023இல் வெளியிட்டார்கள். 30 நாளில் பெரிய பாதிப்பு மருந்துப் பக்கம் 3.4 சதவீதம், போலிப் பக்கம் 5.2 சதவீதம். வியப்பாக இருந்தாலும் கேள்வி சரியாகக் கேட்கப்பட்டிருக்கிறது.

ஏபிஎல் எண்களில் உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. ஆய்வில் சேரும் முன்பே ரத்தக்கசிவில் இறந்தவர்கள் கணக்கில் வருவதில்லை. 2013 ஐரோப்பிய ஆய்வு, வெள்ளணு 10,000க்கு மேல் உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. அந்த 97 சதவீதத்தை அவசரப் பிரிவு வாசலில் நிற்கும் எல்லோருக்கும் பொருத்தக் கூடாது. மரபணுச் சோதனை வரும் முன்பே, சந்தேகத்தின் பேரிலேயே அட்ராவைத் தொடங்கி, தட்டணுவை 30,000 முதல் 50,000க்கு மேல் வைத்திருப்பதுதான் அங்கே உயிரைக் காக்கும்.

கடைசியாக அளவு பற்றி, குறிப்பாக மனோசிலை என்றதும் வீட்டுப் பெட்டியை நினைப்பவர்களுக்கு. அந்த மாத்திரை ஒன்று 270 மி.கி.; அதில் மனோசிலை 30 மி.கி. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 3,600 மி.கி., அதாவது சுமார் 13 மாத்திரை. மனோசிலை மட்டும் சுமார் 400 மி.கி. சீன அரசின் மருந்து நூல் சாதாரணப் பயன்பாட்டுக்குச் சொல்லும் உச்சம் 100 மி.கி. நான்கு மடங்கு கொடுக்க முடிவது, பக்கத்தில் இசிஜியும் ரத்தச் சோதனையும் இருப்பதால். சரக்கின் சுத்தமும் அப்படித்தான். மனோசிலை நீரில் அவ்வளவாகக் கரையாது, அதனால் உடலில் மெதுவாகவே ஏறும். அதைச் சூடாக்கினாலோ வெயிலில் வைத்தாலோ ஒரு பகுதி வெள்ளைப் பாஷாணமாக மாறிவிடும், அது கரையும். நெருப்பில் காட்டாதே, நீர்விட்டு அரைத்து, அலசித் தெளியவைத்து எடு என்று பழைய சீன வைத்தியர்கள் விதித்தது இதற்காகவே. கரையும் ஆர்செனிக் எவ்வளவு என்று ஒவ்வொரு தொகுதிக்கும் அளக்காவிட்டால், மேலே சொன்ன 60 மி.கி. என்ற எண்ணுக்கே பொருள் இல்லை.