ஜூலு க்ளப்னா தேங்காய் மட்டும் இல்ல

அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ் ஊர்ல நடக்கிற மார்டி கிரா திருவிழா வீடியோ பாத்தவங்களுக்கு, அதுல ஊர்வலம் போற கறுப்பின மக்களோட ஜூலு க்ளப்னதும், அவங்க கூட்டத்துக்குக் குடுக்கிற பெயின்ட் அடிச்சு ஜிகினா ஒட்டின தேங்காய்தான் ஞாபகம் வரும், ஆனா அந்த க்ளப்போட முழுப்பேரப் பாருங்க, ஜூலு சோஷியல் எய்ட் அண்ட் ப்ளெஷர் க்ளப், அதுல உதவி முதல்ல வருது, கொண்டாட்டம் அப்புறம்தான் வருது. எனக்கு இந்த க்ளப் மேல அவ்ளோ மரியாதை வர்றதுக்குக் காரணமே அந்த வரிசைதான்.

அந்தக் காலத்துல கறுப்பின மக்களுக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்கிறதே பெரும்பாடு, அதனால பேட்டைக்குப் பேட்டை சங்கம் வச்சு ஆளாளுக்கு ஒரு சின்ன சந்தா கட்டுவாங்க, யாராவது படுத்துட்டா மருந்துச் செலவுக்கு அதுல இருந்து எடுப்பாங்க, செத்துட்டா பிராஸ் பேண்டோட கௌரவமா அடக்கம் பண்ணுவாங்க. ஜூலு இந்த மாதிரி சங்கங்களுக்கு நடுவுல இருந்து வந்ததுதான். 1909ல முதல் ஊர்வலம், அதுல ராஜா வேஷம் போட்டவர் வில்லியம் ஸ்டோரி. கிரீடம் பன்றிக்கொழுப்பு வர்ற தகர டப்பா, செங்கோல் வாழைத்தண்டு! பணக்கார வெள்ளைக்காரங்களோட ரெக்ஸ்ங்கிற மார்டி கிரா சங்கம் 1872ல இருந்தே ராஜா வேஷம் போட்டு ஜொலிச்சிட்டு இருந்த ஊர்ல இது எவ்ளோ பெரிய நக்கல்னு யோசிச்சுப் பாருங்க.

1949ல ஜாஸ் இசை மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கே ஜூலு ராஜாவா வந்தார். ஆனா செயின்ட் சார்ல்ஸ் அவென்யூ, கனால் ஸ்ட்ரீட்னு மெயின் ரோட்டுல போக 1969ல தான் வழி விட்டாங்க, அதுவரைக்கும் தங்களோட ஏரியாத் தெருக்கள்லயே சுத்துனாங்க. ஊர்வலத்துல க்ளப்காரங்க மூஞ்சில கறுப்பு மை பூசி புல்லுப் பாவாடை கட்டுறதுக்கு அறுபதுகள்லயே கறுப்பின மக்களே கடுமையா எதிர்ப்பு காட்டினாங்க, இப்பவும் சண்டை ஓயல. க்ளப் அது எங்க பாரம்பரியம்னு சொல்லுது. அந்த மை பலருக்கு வலிக்குதுங்கறத நான் சின்ன விஷயமா நினைக்கல, ஆனா தகர டப்பா கிரீடத்தோட கதை தெரியாம தீர்ப்பு சொல்றதும் சரியில்ல.

தேங்காய் கதைக்கு வரேன். முன்னாடி தூக்கி எறிவாங்க, மண்டைல பட்டவங்க கேஸ் போட, 1987ல க்ளப்புக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்காம போச்சு. 1988ல அந்த ஊர் இருக்கிற லூசியானா மாநில சட்டசபையே தேங்காய்க்குன்னு தனியா ஒரு சட்டம் போட்டுச்சு, கையில குடுக்கிற தேங்காயால அடிபட்டா க்ளப் மேல கேஸ் போட முடியாதுன்னு. அதான் இப்பல்லாம் வண்டில இருந்து குனிஞ்சு நீட்டுறாங்க, கீழ இருக்கிறவங்க எக்கி ரெண்டு கையாலயும் வாங்கிக்கிறாங்க.

ஊர்வலம் வருஷத்துல ஒரு காலைப்பொழுதுதான். கிறிஸ்துமஸுக்கு இல்லாதப்பட்ட குடும்பங்களுக்கு சாப்பாட்டுக் கூடை குடுக்கிறது, க்ளப்போட காஸ்பல் (கிறிஸ்தவ பக்திப்) பாட்டுக் குழு, இறந்த உறுப்பினர்களுக்கு மரியாதை செய்றது, இதெல்லாம் கேமரா பக்கமே வராது. 2005ல கத்ரீனா புயல் வந்து க்ளப் இருக்கிற பிராட் ஸ்ட்ரீட் பக்கமும் தண்ணிக்குள்ள போச்சு, உறுப்பினர்கள் எங்கெங்கயோ சிதறிப் போனாங்க, அப்பவும் 2006 மார்டி கிராவுக்கு ஜூலு தெருவுல இறங்குச்சு.