ஒடிசியஸ், சாண்டியாகோ, என் ஒப்பிலக்கிய அரியர்

போன வாரம் ரிசல்ட் வந்தது. எம்.ஏ. ஆங்கிலம், தொலைநிலைக் கல்வி, ஒப்பிலக்கியத் தாளில் 67. இதே தாளில் முதல்முறை 41 வாங்கித் தோற்றிருந்தேன். இரண்டு முறையும் பெரிய கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: ஒடிசியஸ், சாண்டியாகோ இருவரின் விடாமுயற்சியையும் நோக்கத்தையும் ஒப்பிடுக. ஒடிசியஸ் ஹோமரின் 'ஒடிசி' காவிய நாயகன், சாண்டியாகோ ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்' நாவலில் வரும் கிழட்டு மீனவன். படித்த பகுதியும் அதேதான். எழுதிய முறை மட்டும்தான் மாறியது. டிசம்பரில் எழுதப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று, எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதிவைக்கிறேன்.

முதல்முறை ஆறு பக்கம் எழுதினேன். மூன்று பக்கம் ஒடிசியஸ்: பத்து வருடம் டிராய் போர், பத்து வருடம் கடலில் அலைச்சல், ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸ், பாட்டுப் பாடி மயக்கிக் கொல்லும் சைரன்கள், வீடு திரும்புதல். அடுத்த மூன்று பக்கம் சாண்டியாகோ: 84 நாள் மீன் இல்லை, 85ஆம் நாள் மார்லின் என்ற பெரிய மீன், அப்புறம் அதைத் தின்ற சுறாக்கள், மிஞ்சிய எலும்புக்கூடு. கடைசியில் 'ஆகவே இருவரும் விடாமுயற்சி உடையவர்கள்' என்று இரண்டு வரி. தகவலில் ஒரு தப்பும் இல்லை, ஆனால் ஒப்பீடும் இல்லை. நான் நம்பிய கையேட்டில் விடை அப்படித்தான் இருந்தது. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. எம்.சி. ரோட்டில் துணிக்கடை பில்லிங்கில் நின்றுகொண்டு படிப்பவளுக்கு ஒரு அரியர் என்றால் இன்னொரு ஆறு மாதம், இன்னொரு தேர்வுக் கட்டணம், இன்னொரு முறை முதலாளியிடம் லீவு கேட்டு நிற்பது.

எங்கள் வீடு காசிமேடு. நைனா (அப்பா) விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர். ஜூன் தேர்வுக்கு நான் படித்தது முழுக்க மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நைனா வீட்டில் வலை பின்னிக்கொண்டு இருப்பார். ஒருநாள் சாண்டியாகோ கதையை அவருக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். தூண்டில் இரைகள் 40, 75, 100, 125 பாகம் (ஒரு பாகம் ஆறு அடி) ஆழத்தில் தொங்கும், நூறு பாகத்தில் மார்லின் கவ்வும் என்றதும் கையிலிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டார். மீன் பதினெட்டு அடி, படகைவிட இரண்டு அடி நீளம் என்றேன். கிழவன் கயிற்றைப் படகில் கட்டாமல் ஏன் முதுகில் போட்டுத் தாங்குகிறான் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. "கட்டிப்புட்டா ஒரே இழுப்புல அறுந்துடும்மா. உடம்புல வச்சிருந்தாத்தான் அது இழுக்கச்சொல்ல கொஞ்சம் விட்டுக் குடுக்கலாம்" என்றார்.

அந்த இடத்தில்தான் எனக்கு இந்தத் தாள் திறந்தது. விடாமுயற்சி என்றால் இழுத்துக்கொண்டே இருப்பது என்று நினைத்திருந்தேன். சாண்டியாகோ விட்டுக் கொடுத்துத்தான் மீனைப் பிடித்துவைத்திருக்கிறான். ஒடிசியஸும் அப்படித்தான். பிச்சைக்காரன் வேடத்தில் சொந்த வீட்டுக்குள்ளேயே அவமானப்படுகிறான். இருபதாம் காண்டத்தில், வீட்டுப் பணிப்பெண்கள் சிரித்துக்கொண்டு, தன் மனைவியை மணக்க வந்து வீட்டில் தங்கியிருக்கும் எதிரிகளிடம் போவதைப் பார்த்து நெஞ்சு கொதிக்க, இதைவிட மோசமானதையும் தாங்கியவன்தானே நீ என்று தன் நெஞ்சையே அடக்குகிறான். இந்த ஒரு ஒற்றுமையை மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.

நோக்கத்துக்கு வேறு கேள்வி வேண்டும். நான் வைத்துக்கொண்டது இது: எதைத் தாங்கினான், எதை வேண்டாம் என்றான்? தாங்கியது விடாமுயற்சியைக் காட்டும், வேண்டாம் என்றது நோக்கத்தைக் காட்டும். இரண்டையும் ஒரே பொருளாக எழுதினால் பாதி மதிப்பெண் போய்விடும். ஒடிசியஸைத் தன் தீவில் பிடித்துவைத்திருக்கும் தேவதை கலிப்ஸோ, சாகாவரம் தருகிறேன் என்கிறாள். என் மனைவி பெனலோப்பி உன் அழகுக்கு ஈடாக மாட்டாள், ஆனாலும் வீட்டுக்குத்தான் போவேன் என்று ஒடிசியஸ் சொல்லிவிடுகிறான். சாண்டியாகோவுக்கு அப்படி யாரும் வரம் கொடுக்கவில்லை. அவன் கையில் இருந்தது ஒரே ஒரு வழி, கயிற்றை அறுத்துவிட்டுக் கரைக்குத் திரும்புவது. அதை அவன் செய்யவில்லை. ஒருவனுக்குப் போய்ச் சேர ஓர் ஊர் இருக்கிறது. இன்னொருவனுக்குத் தான் மீனவன் என்பதே நோக்கம், கரையில் அவனுக்காகக் காத்திருக்கும் மனைவி இல்லை.

எதிர்ச்சான்றையும் மறைக்காமல் எழுதுங்கள். மாயக்காரி கிர்க்கேயின் தீவில் ஒடிசியஸ் ஒரு வருடம் சுகமாக இருந்தான், ஊர் ஞாபகத்தை எடுத்துச் சொன்னது கூட வந்தவர்கள்தான். பாலிஃபீமஸிடம் தப்பித்த பிறகு தன் பெயரைக் கத்திச் சொல்லி, அவன் அப்பாவான கடல் தெய்வம் பொசைடனின் கோபத்தை வாங்கிக்கொண்டான். நைனாவும் இதே மாதிரி ஒன்று சொன்னார்: "தனியா அம்மாந்தூரம் போனது தப்பு." கடைசியில் சாண்டியாகோவே அதை ஒத்துக்கொள்கிறான், ரொம்ப தூரம் போய்விட்டேன் என்று. இருவருக்கும் விடாமுயற்சியோடு ஒரு வீம்பும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை எந்தக் கையேட்டிலும் நான் பார்க்கவில்லை.

தேர்வு அறைக்கு:

- முதல் ஐந்து நிமிடம் எழுதாதீர்கள். கடைசித் தாளில் நடுவே கோடு போட்டு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன் என்று குறித்துக்கொள்ளுங்கள்.
- ஒவ்வொரு பத்தியிலும் இரண்டு பெயரும் வர வேண்டும். ஒரு பெயர் மட்டும் வந்தால் அது கதைச்சுருக்கம். இதுதான் 41க்கும் 67க்கும் நடுவில் இருந்த வித்தியாசம்.
- ஒடிசிக்குக் காண்ட எண் போடுங்கள்: கலிப்ஸோ 5, பாலிஃபீமஸ் 9, கிர்க்கே 10, சைரன்கள் 12.
- மேற்கோள் மனப்பாடம் செய்து எனக்குப் பழக்கமில்லை, நான் செய்யவும் இல்லை. இடத்தைச் சரியாகச் சொன்னால் போதும்.
- படிக்க விடியற்காலை நாலு மணி. சாதாரண நாளில் மீன் ஏலத்துக்கு எங்கள் தெருவே அதற்கு முன்னால் எழுந்துவிடும். ராத்திரி படித்தது எனக்கு நின்றதே இல்லை.

முடிவுரைக்கு இருவரின் தூக்கத்தை எழுதினேன். பன்னிரண்டு கப்பலோடு டிராயிலிருந்து கிளம்பிய ஒடிசியஸ், யாரோ ஒருவர் கப்பலில் தூங்கிக்கொண்டே சொந்த ஊரான இத்தாக்காவில் இறக்கப்படுகிறான். தனியாகப் போன சாண்டியாகோ குடிசையில் சிங்கங்களைக் கனவு கண்டு தூங்குகிறான், பக்கத்தில், முன்பு அவனோடு படகில் போய்க்கொண்டிருந்த பையன் மனோலின் உட்கார்ந்திருக்கிறான்.

மார்க் வந்த அன்று நைனா கடலில் இருந்தார். கரைக்கு வந்ததும் சொன்னேன். சந்தோஷப்பட்டார். கொஞ்சநேரம் கழித்து, "அந்தப் பையன் திரும்ப கெழவனோட போனானாம்மா?" என்று கேட்டார். அந்த இடத்தை நான் படித்தபோது அவர் தூங்கிப்போயிருந்தார். இனிமேல் உன்னோடுதான் வருவேன் என்று சொல்கிறான் நைனா, என்றேன்.