தம்பி லேப்டாப்புக்குச் செலவு செய்யலாமா?

தம்பி பொறியியல் இரண்டாம் ஆண்டு. அவன் லேப்டாப் ஆன் ஆகவே நாலு நிமிஷம் ஆகும். புதுசு என்றால் 45,000 ரூபாய். அப்பாவிடம் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

எந்தப் பாகம் திணறுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பிராசசர் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றது. சுழலும் ஹார்டு டிஸ்க்கில், படிக்கும் முனையான ஹெட் இடம் இடமாக நகர்ந்து தகவலைத் தேட வேண்டும். சிப்பிலேயே தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் அந்த அலைச்சலே இல்லை. அதில் இருக்கும் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதுதான் பெரிய கவலை. நல்லவேளை, இதன் பிராசசர் இன்டெல் எட்டாம் தலைமுறை, விண்டோஸ் 11 ஏறும். ஏழாம் தலைமுறையாக இருந்திருந்தால் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க விட்டிருக்க மாட்டேன்.

சரி என்று சென்னை ரிச்சி தெருவில் எஸ்எஸ்டி வாங்கிப் போட்டோம், காலியாக இருந்த ஸ்லாட்டில் 8 ஜிபி ரேமும். இப்போது இருபது நொடியில் திறக்கிறது. பேட்டரியை அடுத்த செமஸ்டரில் பார்க்கலாம்.